போர்வெல்ல ஆழமா இறக்கினா மட்டும் தண்ணி சுத்தமாயிடாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் டெல்டா நிலத்தடி தண்ணிய பத்தி போட்ட கட்டுரைல உப்பு ஏறுறது, உரம் எல்லாம் நல்லா வந்திருந்துச்சு, ஆனா தொழிற்பேட்டை சால்வென்ட் (எண்ணெய், அழுக்க கரைச்சு எடுக்கற ரசாயன திரவம்) பத்தி ஒரு வரி கூட இல்லையேன்னு மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

மெட்டல் பார்ட்ஸ்ல எண்ணெய் பிசுக்கு எடுக்க ட்ரைக்ளோரோஎத்திலீன், ட்ரை கிளீனிங்குக்கு பெர்க்ளோரோஎத்திலீன்னு ரொம்ப காலமா புழங்குது. டீசல் கொட்டினா தண்ணி மேல மிதக்கும். இது ரெண்டும் தண்ணிய விட கனம், லிட்டர் 1.46 கிலோ, 1.62 கிலோ, அதனால நீர்மட்டத்தோட நிக்காம இன்னும் கீழ இறங்கி களிமண்ணு மேல தேங்கிடும், களி எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கோ அந்தப் பக்கம் நகரும், தண்ணி ஓடுற திசைய அது பாக்கறதில்ல. நம்ம காவிரி மண்ணே மணலும் களியும் மாறி மாறி படிஞ்சதுதான். மேல் தண்ணி சரியில்லன்னா இன்னும் ரெண்டு பைப்பு இறக்குவோம்னு சொல்றது இங்க வழக்கம், ஆனா சால்வென்ட் கிடக்கற இடத்துல அந்த களிய துளைச்சா அடி மணலுக்கு நாமளே வழி விட்டுடறோம்.

அளவ பாருங்க. அமெரிக்கால குடிதண்ணிக்கு ட்ரைக்ளோரோஎத்திலீன் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அந்த கணக்குல ஒரே ஒரு லிட்டர் சால்வென்ட் 29 கோடி லிட்டர் தண்ணிய அந்த வரம்புக்கு கொண்டு போயிடும். மணல்ல உள்ளத பம்ப் பண்ணி எடுத்தாலும் களிக்குள்ள ஊறினது பல வருஷம் மெதுவா திரும்ப கசியும்.

ஆக்சிஜன் இல்லாத ஆழத்துல பாக்டீரியா இந்த சால்வென்ட்ல இருக்கற குளோரின ஒண்ணொண்ணா கழட்டும், நல்லதுதான், ஆனா நடுவுல வினைல் குளோரைடு வரும், அது புற்றுநோய் உண்டாக்கறதுன்னு உறுதியானது. அதையும் தாண்டி குளோரினே இல்லாத எத்திலீன் வரைக்கும் போக டீஹாலோகாக்காய்டிஸ்னு ஒரு வகை பாக்டீரியா வேணும், அது எல்லா மண்ணுலயும் போதுமான அளவு இருக்காது. அதனால ட்ரைக்ளோரோஎத்திலீன் குறைஞ்சிடுச்சுன்னு ஒரு ரிப்போர்ட் வந்தா அத வச்சு நிம்மதி ஆகக்கூடாது.

எங்க பக்கம் தொழிற்பேட்டை ஓரத்து தெரு போர்வெல்ல சாம்பிள் எடுத்தப்ப பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல முக்கால்வாசி புடிச்சு வெயில்ல வச்சு எடுத்துட்டு போனாங்க, ரிப்போர்ட்ல டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு), கடினத்தன்மை, நைட்ரேட் மட்டும்தான். டிடிஎஸ் மீட்டர்ல இந்த சால்வென்ட் தெரியவே தெரியாது. ஆவியாகி போற பொருள் இது, சின்ன கண்ணாடி குப்பில ஒரு காத்துக்குமிழி கூட இல்லாம நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டில வச்சு லேபுக்கு அனுப்பணும். டெல்டால பழைய பட்டறை, பிளேட்டிங் யூனிட் இருந்த இடத்து பக்கத்துல எல்லாம் அப்படி எடுத்து, மேல் மணல் அடி மணல் ரெண்டுக்கும் தனித்தனியா, வினைல் குளோரைடு உட்பட பாத்து, ரிசல்ட்ட பஞ்சாயத்து போர்டுல ஒட்டணும்னு உங்க பத்திரிகை மூலமா அதிகாரிங்கள கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்