கடை வைப்பதா ஓய்வு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஓய்வுபெற்ற வீரர்கள் நிம்மதியாகக் காலம் தள்ளும் மாயக்கதைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். டிராவிஸ் பால்ட்ரியின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' நாவலில் மோதலே கிடையாது என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். கும்பகோணத்தில் பல வருடம் காபித்தூள் கடை நடத்தியவன் நான். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கதை தெரியாதவர்களுக்கு: விவ் என்பவள், மாயக்கதைகளில் வரும் முரட்டு அரக்கர் கூட்டமான ஓர்க் இனத்துப் பெண். கோரைப்பல், ஆஜானுபாகுவான உடம்பு. 22 வருடம் வாளெடுத்துச் சண்டை போட்டவள், போதும் என்று தூன் என்ற ஊருக்கு வந்து, பழைய குதிரை லாயம் ஒன்றை வாங்கிக் காபிக்கடை போடுகிறாள். வாள் சுவரில் ஏறிவிடுகிறது. இதற்குப் பெயர் ஓய்வாம்! கடை வைத்தவன் எவனையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பேசாமல் பழையபடி அரக்கப் பூச்சிகளோடேயே மல்லுக்கட்டியிருப்பாள்.

திறந்த புதிதில் ஈ, காக்காய் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குக் காபி என்றால் என்னவென்றே தெரியாது. ஓசியில் ஊற்றிக்கொடுத்துப் பழக்க வேண்டியிருக்கிறது. நானும் பீபரி என்ற உருண்டைக் காபிக்கொட்டையில் புதிதாகக் கலவை போட்டபோது வாசலில் ஸ்டூல் போட்டு, குட்டி டம்ளரில் எல்லோருக்கும் கொடுத்தேன். "பேஷ்" என்று குடித்துவிட்டு, எதிர்க்கடையில் கால் கிலோ தூள் வாங்கிக்கொண்டு என் வாசல் வழியாகவே போனவர்கள் உண்டு. அப்புறம், ஹெமிங்டன் என்று ஒரு மாணவன் வருகிறான். மேசை நிறையப் புத்தகத்தைப் பரப்பி உட்கார்ந்துகொள்வான், எதுவும் வாங்கமாட்டான். இவனை எனக்கு நன்றாகத் தெரியும். இவன் எல்லாக் கடையிலும் உண்டு.

மாமூல் கேட்டும் ஆள் வருகிறது. இந்த இடத்தைக் கட்டுரையாளர் படித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். ஊரை ஆட்டிவைக்கும் மாட்ரிகல் ஒரு வயதான பெண்மணி. விவ் அவளோடு உட்கார்ந்து பேசி, பணத்துக்குப் பதில் வாராவாரம் பட்டைத்தூள் போட்ட ரோல் அனுப்புவதாக முடித்துக்கொள்கிறாள். வாளை வீசியிருந்தால் அது மோதல். பலகாரம் கொடுத்துச் சமாளித்தால் மோதல் இல்லையா? வியாபாரத்தில் முக்கால்வாசிச் சண்டை இப்படித்தான் தீரும். அந்த ரோலைச் சுடும் திம்பிள் என்ற எலிக்குலத்து ஆள் வாயே திறக்கமாட்டான். அவன் கேட்பதெல்லாம் இன்னும் பெரிய அடுப்பு. அப்படி ஒரு வேலையாள் எனக்கு வாய்க்கவில்லை.

குறையும் உண்டு. "கணக்கில் எழுதிக்கோ, ஒண்ணாம் தேதி பார்த்துக்கலாம்" என்று சொல்லும் ஒரு வாடிக்கையாளர்கூட எனக்குத் தென்படவில்லை. அதுதான் உண்மையான மாயக்கதை.

இன்னொன்று. பெரிய பதிப்பகம் சந்தையைப் பார்த்துத் தயாரித்த சரக்கு என்ற தொனியும் கட்டுரையில் இருந்தது. அப்படியில்லை. பால்ட்ரி 2021 நவம்பரில் எழுதி, 2022 தொடக்கத்தில் தானே வெளியிட்ட புத்தகம் இது. வாசகர்கள் தூக்கிப் பிடித்த பிறகுதான் டோர் பதிப்பகம் எடுத்துப் போட்டது. 2023இல், அறிவியல் புனைவுக்கும் மாயக்கதைக்கும் தரும் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது. அவருக்கு ஒலிப்புத்தகம் வாசிப்பதே தொழில், இதையும் அவர்தான் வாசித்திருக்கிறார். என் கண்ணுக்குப் பொடி எழுத்து ஒத்துவராது என்று பேத்தி அதைத்தான் போனில் போட்டுக்கொடுத்தாள். கடைசியில் கடைக்கு வரும் ஆபத்தை நான் சொல்லப்போவதில்லை. அந்த அத்தியாயத்தன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை இந்த மாதிரிப் புத்தகத்துக்கு மதிப்புரை வேண்டுமென்றால், கடை நடத்திய யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டேன், எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் காபித்தூள் கடைக்காரர்,
கும்பகோணம்