முடிவு எடுத்தவர் ஒருத்தர், திட்டு வாங்குறவர் இன்னொருத்தர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனங்களுக்கு இப்பல்லாம் பொறுமையே இல்ல, வாயைத் திறந்தாலே சண்டைதான், எல்லாத்துக்கும் செல்போனும் வளர்ப்பும்தான் காரணம்னு உங்க பேப்பர்ல வாசகர்கள் எழுதிட்டு வர்றாங்க, நானும் படிச்சுட்டுதான் வர்றேன். மதுரையில ஒரு மெடிக்கல் ஷாப்ல கவுன்டர்ல நிக்கிறவ நான். ஜனங்களோட கோபத்தை தினமும் நேருக்கு நேர் பாக்குற வேலை. அங்க நின்னு பாக்கும்போது எனக்கு வேற மாதிரிதான் தெரியுது, அதைச் சொல்லணும்னு எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போனாலும் வெட்டாம போடுங்க.

ஜனங்க கோபப்படுறதுக்கான காரணம் பெரும்பாலும் நியாயமாவே இருக்கு. ஆனா அந்த முடிவை எடுத்தது யாரு, அவர் எங்க உக்காந்திருக்கார், அவர்கிட்ட போய் எப்படிக் கேக்கறதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதனால முன்னாடி யாரு நிக்கிறாங்களோ அவங்க தலையில எல்லாம் விழுது. கண்டக்டர் தலையில, ரேஷன் கடைக்காரர் தலையில, சாப்பாடு கொண்டு வர்ற பையன் தலையில, என் தலையில.

2025 செப்டம்பர் 22ஆம் தேதியை எடுத்துக்கங்க. பெரும்பாலான மருந்துக்கு ஜிஎஸ்டி 12 பர்சென்ட்ல இருந்து 5 ஆச்சு. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ஆனா காலையில கடை திறக்கும்போதே ஆளுங்க வந்து நிக்கிறாங்க, டிவியில பாத்துட்டு வந்திருக்காங்க. எங்க கம்ப்யூட்டர்ல புது ரேட் பாதி மருந்துக்குதான் ஏறியிருக்கு. ஸ்ட்ரிப் மேல அச்சடிச்சது பழைய விலை, பழைய ஸ்டாக்ல அதை மாத்தி ஒட்டணும்னு கட்டாயம் இல்லன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. 7 பர்சென்ட் குறைஞ்சுதுன்னா 100 ரூபா மாத்திரை 93 ஆகணுமேன்னு ஒருத்தர் சண்டைக்கு வர்றார். அந்த 100ங்கிறதே வரியோட சேர்த்த விலை, கணக்குப் போட்டா 93 ரூபா 75 பைசாதான் வரும். இதைக் கால்குலேட்டர்ல தட்டிக் காட்டுறேன், அவர் பின்னாடி இன்னும் ஆறேழு பேர் நிக்கிறாங்க, அதுல ஒரு அக்கா இன்சுலின் விலை ஏன் குறையலன்னு கேக்கறாங்க. இன்சுலினுக்கு 2017லயே 5 பர்சென்ட்தான், அதுல குறைய ஒண்ணுமில்ல. ஆனா இதை டிவியில யாரும் அவங்களுக்குச் சொல்லல, நான்தான் சொல்ல வேண்டியிருக்கு. நான் சொன்னா, கடைக்காரி ஏமாத்துறான்னு ஆயிடுது. "பாவப்பட்ட ஜனங்க வயித்துல அடிச்சு சம்பாதிக்கிறீங்களே, விளங்குவீங்களா"ன்னு மண்ணை வாரித் தூத்தாத குறையா சொல்லிட்டுப் போனாங்க. அந்த அக்கா மாசாமாசம் எங்ககிட்டதான் மருந்து வாங்குறாங்க, ஒரு நாளும் ஒரு கடுஞ்சொல் சொன்னவங்க இல்ல. ஒரே நாள்ல அவங்க வளர்ப்பு மாறிடுச்சா என்ன?

அதே வருஷம் ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடு முழுக்க யுபிஐ படுத்துடுச்சு. ஜனங்க யாரு கையிலயும் காசில்ல, எங்க கல்லாவுலயும் சில்லறை இல்ல. ஒருத்தருக்குக் கணக்குல பணம் போயிடுச்சு, எங்க ஸ்பீக்கர் சத்தம் போடல. அவர் போனைத் தூக்கிக் காட்டி "பணம் போயிருச்சுல்ல, மருந்தைக் குடு"ங்கிறார், எனக்கு வராம நான் குடுத்தா ராத்திரி கணக்கு முடிக்கும்போது என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க. அவர் சொல்றதும் சரி, நான் சொல்றதும் சரி. தப்பு எங்கேயோ ஒரு சர்வர்ல. ஆனா சர்வரைப் பாத்து யாரும் கத்த முடியாதுல்ல? கஸ்டமர் கேருக்குப் போட்டா ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும்னு கால் மணி நேரம் ஓடி கடைசியில தானா கட் ஆயிடும். ஒரு மனுஷன் குரல் கேட்டாலே பாதி கோபம் இறங்கிடும்ங்க, அந்தக் குரலைத்தான் எல்லா இடத்துலயும் எடுத்துட்டாங்க.

இன்னொண்ணு, இதை எழுதாம இருக்க முடியல. தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் குடுக்குற சில மாத்திரை, சில ஆன்டிபயாடிக், டிபி மருந்து இதெல்லாம் 2014ல இருந்து எச்1ங்கிற தனிப் பட்டியல்ல வருது. டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, டாக்டர் பேரு, நோயாளி பேரு, எத்தனை மாத்திரை எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல எழுதி 3 வருஷம் வச்சிருக்கணும். நல்ல சட்டம், நான் முழு மனசோட ஆதரிக்கிறேன். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு அண்ணன் வந்தார், கையெல்லாம் கிரீஸ், ஒர்க்‌ஷாப்ல இருந்து நேரா வந்திருக்கார் போல. அவங்க அம்மாவுக்கு அல்பிரசோலம், அந்தப் பதட்ட மாத்திரை, தீந்துபோச்சு. சீட்டு இருக்கு, ஆனா பழசு, மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிஞ்சு தேதியே தெரியல. எங்களுக்கு முன்னாடியே ரெண்டு மூணு கடையில இல்லன்னு அனுப்பிட்டாங்க. கிளினிக் திங்கக்கிழமை சாயங்காலம்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போங்கண்ணேன்னு சொன்னேன், "அம்மாவை வீட்ல யாரு பாத்துக்குவா, நீ வந்து பாத்துக்குவியா"ன்னு கவுன்டர் கண்ணாடியில ஓங்கி அடிச்சார். பக்கத்துல நின்ன எங்க கடைப் பையன் பயந்து பின்னாடி போயிட்டான். இதை யாராவது வீடியோ எடுத்திருந்தா மருந்துக்கடையில ரகளைன்னு போட்டிருப்பாங்க. அந்த ஆளு ரௌடி இல்லங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி மருந்து தீந்துபோன மனுஷன் எங்க போவான்னு சட்டம் போட்டவங்க யாரும் யோசிக்கல, கிளினிக் நடத்துறவங்களும் யோசிக்கல.

முன்னாடியெல்லாம் ஜனங்க எவ்வளவு மரியாதையா இருந்தாங்க தெரியுமான்னு நிறைய பேர் எழுதறாங்க. யாருக்கு மரியாதையா இருந்தாங்க? எங்க அப்பா மார்க்கெட்ல மூட்டை தூக்குனவர். அவரை விட பாதி வயசுப் பையனெல்லாம் டேய்ன்னுதான் கூப்பிட்டான், அதுக்கு அவர் என்னங்கய்யான்னு பதில் சொல்லணும். அந்தக் காலத்து அமைதியில பாதி பயந்து அடங்கிக் கிடந்த அமைதி. இன்னைக்கு அவங்க புள்ளைங்க திருப்பிக் கேக்கறாங்க, அது சில பேருக்குத் திமிராத் தெரியுது. அந்தக் காலம் திரும்பி வரணும்னு நான் ஒருநாளும் கேக்க மாட்டேன்.

எங்க பக்கத்தையும் சொல்லணும், ஏன்னா கவுன்டர்ல நிக்கிறவங்களும் எரிஞ்சு விழறாங்கன்னு எழுதியிருந்தாங்க, உண்மைதான். கடைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. எத்தனை கடையில அது நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டுல 2021லயே கடை ஊழியர்கள் உக்கார இடம் குடுக்கணும்னு சட்டத் திருத்தம் வந்துடுச்சு. ஜவுளிக்கடைக்குப் போனா பாருங்க, எத்தனை பொண்ணுங்க உக்காந்திருக்காங்க? ஸ்டூல் இருந்தாலும் சூப்பர்வைசர் பாத்தா எழுந்திரிக்கணும். காலையில இருந்து நின்னு கால் வீங்கிப் போயி, மே மாசத்துல வெளிய 104 டிகிரி வெயில், மூணு பேர் பாக்க வேண்டிய கவுன்டரை ஒரு ஆள் பாத்துக்கிட்டு இருந்தா, நாப்பதாவது ஆளுக்கு சிரிச்ச முகத்தோட பதில் சொல்ல எந்த மனுஷியாலயும் முடியாது. ஆள் குறைச்சது முதலாளி, திட்டு வாங்குறது நாங்க.

ஏற்பாட்டை மாத்தினா சண்டை குறையும்ங்கிறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 2020ல ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வந்துச்சு. பாத்திரம் தேச்சுத் தேச்சு ரேகையே அழிஞ்சுபோன பாட்டிங்க வெயில்ல நின்னு, விரல் விரலா மாத்தி மாத்தி வச்சு, ஈரத்தைச் சேலையில துடைச்சுட்டு மறுபடி வச்சு, அப்பவும் விழலன்னா நாளைக்கு வாங்கன்னு அனுப்புவாங்க. எங்க தெரு முக்குக் கடையில அதுக்காக நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்ல, எடை போடுற தம்பியை சட்டையைப் பிடிச்சே இழுத்திருக்காங்க. 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு வந்துச்சு, வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடி அரிசி சர்க்கரை வர ஆரம்பிச்சுது. எங்க தெருவுல அந்தச் சண்டை அடங்கிடுச்சு. அதே ஜனங்கதான், அதே தம்பிதான். யாரும் யாருக்கும் பொறுமையைப் பத்தி வகுப்பு எடுக்கல.

கோபத்துக்குக் காரணம் இருக்குங்கிறதால கை நீட்டுறது சரின்னு நான் சொல்ல வரல. 2024 நவம்பர்ல கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில டாக்டரைக் கத்தியால குத்தின செய்தி வந்தப்ப எங்க கடையில எல்லாரும் ஆடிப் போயிட்டோம். அதுக்கு எந்த சமாதானமும் கிடையாது, ஆஸ்பத்திரி ஊழியர்களைப் பாதுகாக்க 2008லயே தனிச் சட்டம் இருக்கு, அதை முழுசா பயன்படுத்தணும். ஆனா தண்டனை மட்டும் போதாது. எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசல்லயும் போய்ப் பாருங்க, உள்ள படுத்திருக்கிறவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம வராண்டாவுல சொந்தக்காரங்க மணிக்கணக்கா நிக்கிறாங்க. அவங்க கேள்வி கேக்க முடிஞ்ச ஒரே ஆள் கேட்ல நிக்கிற கான்ட்ராக்ட் செக்யூரிட்டி. அவருக்கும் ஒண்ணும் தெரியாது. வார்டுக்கு ஒருத்தர், நிலைமை என்னன்னு பொறுமையா சொல்றதுக்குன்னே இருக்கணும், அது அவரோட முழு நேர வேலையா இருக்கணும்.

உங்ககிட்ட ஒரு கோரிக்கை இருக்கு சார். உங்க பேப்பர்லயும் ஆன்லைன்லயும் கண்டக்டரோட பயணி வாக்குவாதம், டெலிவரி ஊழியரைத் திட்டிய பெண், வைரல் வீடியோன்னு அடிக்கடி போடுறீங்க. அந்த ரெண்டு பேர் மூஞ்சிதான் ஊரெல்லாம் சுத்துது, அவங்க புள்ளைங்க பள்ளிக்கூடத்துல அதைப் பாக்குறாங்க. இனிமே அப்படி ஒரு செய்தி போட்டா அந்த பஸ் எவ்வளவு நேரம் லேட்டா வந்துச்சு, டிப்போல அன்னைக்கு எத்தனை கண்டக்டர் டூட்டியில இருந்தாங்கன்னு ஒரு வரி கேட்டுப் போடுங்க. மூஞ்சியை மறைச்சுடுங்க. புகாரை வாங்கிக்க வேண்டிய அதிகாரியோட பதவி என்ன, ஆபீஸ் நம்பர் என்னன்னு செய்திக்குக் கீழயே அச்சடிங்க. அந்த நம்பருக்கு உங்க நிருபரே ஒரு தடவை போட்டுப் பாத்து, யாராவது எடுத்தாங்களா இல்லையாங்கிறதையும் எழுதுங்க.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப் ஊழியர்,
மதுரை.