எங்கள் பூங்காவுக்காக நடந்த கூட்டம்

சென்னை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்கு நீ எழுதியிருந்த தைலத்தைத் தேய்த்துப் பார்த்தேன். வலி குறைந்ததாகத் தெரியவில்லை, வீடு முழுக்க வாசனை மட்டும் குறைவில்லை. பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் நமக்கு இத்தனை வயதாகிவிட்டதா என்று இருந்தது.

இங்கே இப்போது எல்லோர் வாயிலும் எங்கள் பகுதிப் பூங்காதான். அதைப் புதுப்பிக்கப் போகிறார்கள். கிராம சபை போல நகரங்களுக்கும் பகுதி சபை என்று 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தொடங்கினார்களே, அப்படி ஒரு கூட்டத்தில் எங்கள் கருத்தைக் கேட்டார்கள். நானும் போயிருந்தேன்.

முன்வரிசை முழுவதும் காலை நடைப்பயிற்சிக்காரர்கள். நடைபாதையை அகலப்படுத்த வேண்டும், எட்டு வடிவப் பாதை வேண்டும், எல்லா இடத்திலும் சிமெண்ட் கல் பதிக்க வேண்டும் என்றார்கள். இளைஞர்களுக்கு இறகுப்பந்து மைதானமும் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளும். ஒருவர் பகுதியின் பெயரை ஒளிரும் எழுத்தில் வைத்தால் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள் என்றார். இன்னொருவருக்கு நீரூற்று வேண்டுமாம். ஏற்கெனவே இருக்கும் நீரூற்று திறப்பு விழாவுக்குப் பிறகு பீய்ச்சி நான் பார்த்ததில்லை. அதன் வறண்ட விளிம்பில்தான் மாலையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நிழலில் வேறு இருக்கை கிடையாது. இருக்கிற சிமெண்ட் பெஞ்சுகளுக்கோ முதுகு சாயப் பலகை இல்லை. என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கைப்பிடியும் இல்லை.

கழிப்பறையைப் பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லை என்பதைக் கவனி. கடைசியில் வாசலில் பூ விற்கும் அம்மாதான் எழுந்து, “உள்ளே ஒரு தண்ணீர்க் குழாயும் பூட்டாத கழிப்பறையும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று பேசியவர்களில் விஷயம் தெரிந்து பேசியவர் அவர்தான்.

சிமெண்ட் கல் விவகாரத்தில் நான் கொஞ்சம் சண்டையே போட்டேன். வேப்ப மரத்தின் அடிவரைக்கும் இப்போதே கல் பதித்து மூடியிருக்கிறார்கள். வேர் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நடப்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள், பழி மரத்தின் மேல் விழுகிறது. டெல்லி வழக்கில் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று 2013இலேயே சொல்லியிருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் சாய்ந்ததெல்லாம் குல்மோகரும் தூங்குமூஞ்சியும்தான். வேம்பும் புங்கமும் கிளை முறிந்தாலும் நின்றன. மூலையில் தாழ்வாகப் பள்ளம் வெட்டிக் கூழாங்கல் போட்டு மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் யோசனையைப் பொறியாளர் சொன்னார். கொசு வரும் என்று கிளம்பினார்கள். நீர் ஓரிரு நாளில் வடிந்துவிட்டால் கொசு எங்கிருந்து வரும்? ஊஞ்சலுக்கு அடியில் பிள்ளைகள் காலால் தேய்த்த குழியில் தேங்கும் தண்ணீரைப் பற்றி இதுவரை ஒருவரும் கவலைப்பட்டதில்லை!

என் மனத்தை அரிப்பது வேறொன்று. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பூங்காவுக்கு வருகிறவர்கள். வராதவர்களை யார் கேட்பது? என் மருமகள் நகரமைப்பு படித்தவள் அல்லவா, வியன்னா நகரத்துக் கதை ஒன்றைச் சொன்னாள். அங்கே 1990களில் பூங்காக்களைக் கவனித்துப் பார்த்தபோது ஒன்பது, பத்து வயது தாண்டிய பெண் பிள்ளைகள் மெல்ல மெல்லக் காணாமல் போவது தெரிந்ததாம். இருந்த ஒரே மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொள்ள, இவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். பெரிய திடலைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்து, கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் விட்டு, பாதைகளையும் கூட்டினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

இதைக் கேட்ட பிறகு எங்கள் பூங்காவை வேறு கண்ணால் பார்க்கிறேன். ஏழாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண் பிள்ளை ஒருத்திகூட அங்கே கண்ணில் படுவதில்லை. இன்னொரு பக்கம், காலை பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள் மதிய வெயிலில் சுற்றுச்சுவருக்கு வெளியே, உள்ளே இருக்கும் புங்க மரம் எட்டிப் போடுகிற நிழலில் வண்டியிலேயே தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். மரம் உள்ளே, மனிதர்கள் வெளியே.

மதியமும் திறந்து வையுங்கள், எந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டு வரைபடம் போடுங்கள் என்றேன். உடனே பக்கத்து வீட்டுக்காரர், “திறந்தால் காதலர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் அம்மா” என்றார். வரட்டுமே, பாவம், அவர்கள் எங்கேதான் போவார்கள்? கடற்கரைக்குப் போய் இருட்டியபின் திரும்பியதற்கு விடுதி வார்டனிடம் நாம் வாங்கிக் கட்டிக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். பொறியாளர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். எண்ணுவார்களா தெரியாது. எண்ணாவிட்டால் நானும் பூக்கார அம்மாவும் எண்ணுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. சுவரோரம் முழுக்கக் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வளர்த்திருக்கிறார்கள். குஜராத்தில் 2023இலேயே அதை நடத் தடை போட்டுவிட்டார்கள். எடுத்துவிடலாம் என்பதில் இங்கும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அந்த இடத்தில் என்ன வைப்பது? இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் தெருவுக்குத் தெரிந்தால்தான் பெண்கள் தைரியமாக வருவார்கள். ஆடு வாய் வைக்காது என்று நான் ஆடாதோடையைச் சொன்னேன், மற்றவர்கள் இட்லிப்பூ என்கிறார்கள். தோட்டக்கலைத் துறையில் காலம் தள்ளியவள் நீ. இரண்டில் எது கத்தரிக்கத் தோதாக இருக்கும், கோடையில் தண்ணீர் குறைந்தாலும் எது தாங்கும் என்று அடுத்த கூட்டத்துக்கு முன் எழுது. உன் பெயரைச் சொல்லித்தான் வாதாடப் போகிறேன்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி