முட்டி ஏன் வெடித்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

போட்டோ வந்தது. பெரிசாக்கிப் பார்த்தேன். நீ மண்ணில் செய்த மூடின கைமுட்டி சூளைக்குள்ளேயே ஆறேழு துண்டாகி, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவருடைய கிண்ணத்தையும் உடைத்திருக்கிறது. முதலில் அவங்களிடம் மன்னிப்புக் கேள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்டூடியோவில் காற்றுக் குமிழி என்று சொன்னார்களாம். எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். நன்றாகக் காய்ந்த மண்ணுக்குள் இருக்கிற காற்று வெடிக்காது, தண்ணீர்தான் வெடிக்க வைக்கும். உன் துண்டுகளைப் பார், நடுவில் எட்டு சென்டிமீட்டராவது கெட்டி மண். வெளியே வெளுத்துப் போனாலும் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். 100 டிகிரியில் அது ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். போக வழி இல்லாததால் பிளந்துவிட்டது. சென்னையில் சூளை என்று பேர் வைத்த ஏரியாவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நீ, இது தெரிந்திருக்க வேண்டாமா?

உனக்கு எட்டு மணி நேரம், இணையத்தில் வருகிற வெட்டும் குத்துமான வீடியோக்களைப் பார்த்து, இது இருக்கலாம், இதை எடு என்று பட்டன் அழுத்துகிற வேலை. அதை முடித்துவிட்டு வந்து பூஞ்சாடி செய்யாமல் முட்டி செய்தாய். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. அதையே மறுபடி செய், ஆனால் உள்ளே காலியாக.

மண் பிசையும்போது எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் காட்டு. உள்ளங்கையால் அழுத்தி உருட்டு, ஐம்பது அறுபது தடவை. மடித்துப் பிசையாதே, காற்று சிக்கும். அது வெடிக்காவிட்டாலும் சுவரில் கொப்புளம் போடும். உருவம் வந்த பிறகு கோபம் ஆகாது. ஒரு விரலை வளைத்துவிட்டு மனசு மாறி நிமிர்த்தினாய் என்று வை, காயும்போதும் வேகும்போதும் அது பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும்.

முட்டியைக் கெட்டியாகவே செய்துகொள். பாதி காய்ந்து செருப்புத் தோல் பதத்துக்கு வந்ததும் நைலான் நூலால் இரண்டாக அறு. கம்பி வளையச் சுரண்டியால் உள்ளே குடைந்து, எங்கும் ஒரு சென்டிமீட்டர் சுவர் மட்டும் விடு. ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெல்லிசு என்றால் அங்கேதான் விரிசல் விழும். இரண்டு விளிம்பையும் முள்கரண்டியால் கீறி, அதே மண்ணைத் தண்ணீரில் குழைத்த கூழைத் தடவி ஒட்டு. தண்ணீர் மட்டும் தடவினால் சூளையில் வாய் பிளக்கும். மணிக்கட்டின் அடியில் ஊசியால் ஒரு துளை போட மறக்காதே.

காயவைப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். விரல்கள் சீக்கிரம் காயும், உள்ளங்கை மெதுவாக. விரலுக்கு மட்டும் பிளாஸ்டிக் தாள் சுற்றி, முழுசையும் தளர்வாக மூடி ஒரு வாரம் வை, பிறகு திற. இங்கே ஓட்டேரியில் ஐப்பசி மழையில் இரண்டு வாரம் ஆனாலும் ஈரம் போகாது. உன் ஹைதராபாத் வெயிலில் நேர்மாறு, அவசரமாகக் காய்ந்து கோணிக்கொள்ளும். கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்.

மேலே அந்த மினுமினுப்பு வேண்டும் என்றால் க்ளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு எதற்கு? ஒட்டி முடித்ததும், முழுசாகக் காய்வதற்கு முன்பே, வழவழப்பான கூழாங்கல்லை எடுத்துச் சின்ன வட்டமாகத் தேய். நரம்பு, நகக்கண், விரல் இடுக்கு எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் போனை அடுத்த ரூமில் வை.

சூளையை 90 டிகிரியில் நாலைந்து மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல். பிறகு மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். 573-ல் மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் என்கிற படிகம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அதனால் இறக்கமும் மெதுவாகத்தான். 950-ல் நிறுத்து, அதற்கு மேல் போனால் கல் கொடுத்த பளபளப்பு மங்கும். ஆறினதும் இரும்பு டின்னில் மரத்தூளுக்குள் புதைத்து, மொட்டை மாடியில் பற்றவைத்து, தீ பிடித்ததும் மூடி போட்டு ராத்திரி முழுக்கப் புகைய விடு. எங்கே கறுக்கும், எங்கே சிவப்பு நிற்கும் என்று நீ முடிவு செய்ய முடியாது.

எவ்வளவு பெரிய சாவையும் சின்னச் சின்ன மண்ணாகச் செய்துவிடலாம், தெரியுமா? 2014-ல் லண்டன் டவரின் அகழியில் 8,88,246 செராமிக் பாப்பிப் பூக்களை நட்டார்கள். முதல் உலகப்போரில் செத்த பிரிட்டிஷ், காலனிப் படையினர் ஒருத்தருக்கு ஒரு பூ. முட்டி செய்யக் கை ஓடாத நாளில் எலுமிச்சை அளவு மண்ணை எடுத்து, கட்டைவிரலால் குழித்து ஒரு சின்னக் கிண்ணம் செய். ஷிப்டுக்கு ஒன்று போதும்.

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதே. ஈரத்துணிக்குள் வைத்து இடி, ரவை பருமனுக்குச் சலி. மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. தரையைப் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. புது மண் ஒரு கிலோவுக்கு அந்தத் தூள் 150 கிராம் சேர்த்துப் பிசை. சுருக்கம் குறையும், ஆவி போக வழியும் கிடைக்கும். கிண்ணம் உடைந்தவங்களுக்கும் கொஞ்சம் கொடு.

அம்மா