மே மாதத்துக்கு ஒரு செடிகூட வேண்டாம்

தை 25

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சௌக்கியம். பள்ளிக்கூடத்தில் தோட்டக் குழு ஆரம்பித்திருக்கிறாய் என்று உன் அத்தை சொல்லித்தான் தெரிந்தது. பிள்ளைகள் மண்வெட்டியோடு நிற்கிற படத்தை அவள் போனில் பார்த்தேன். வரப்புப் பிடித்திருந்த நேர்த்தியைப் பார்த்து வயிறு நிறைந்துவிட்டது. அதை எனக்கு அனுப்ப உனக்குக் கை வரவில்லை. போகட்டும்.

மே மாதம் செடிக்குத் தண்ணீர் விட ஆளில்லை, அதனால் லீவுக்கும் ஊருக்கு வருவது சிரமம் என்று அவளிடம் சொன்னாயாம். பொங்கலுக்குத் தேர்வு வேலை, இப்போது செடியா? ஏப்ரல் கடைசியில் தண்ணீர் கேட்கிற செடி பள்ளிக்கூடத்தில் நின்றால், விதைத்தவர் கணக்குத்தான் தப்பு.

கத்தரி நாற்று விடாதே. நாற்றங்காலில் 30, 35 நாள், நட்டபிறகு காய் பறிக்க இன்னும் 2 மாதம். காய்ப்புக்கு வரும்போது பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். தக்காளியும் அப்படித்தான். சிறுகீரை, முள்ளங்கி, வெண்டை போதும். சிறுகீரையை 25 நாளில் பிடுங்கலாம். முள்ளங்கிக்கு 45 நாள். வெண்டையும் 45 நாளில் முதல் பறிப்புக்கு வரும். பங்குனி முழுக்கப் பறித்துச் சத்துணவுக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டுச் செடியைப் பிடுங்கிவிடு.

பாத்தி அகலம் 3 அடிக்கு மேல் போகவேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடு எட்டவேண்டும். எட்டாவிட்டால் பிள்ளைகள் உள்ளே மிதிப்பார்கள். உங்கள் பாலக்கோட்டுச் செம்மண் மிதிபட்டுக் காய்ந்தால் கல்தான், வேர் இறங்காது. கீரை விதை 1 பங்குக்கு மணல் 4 பங்கு கலந்து தூவச் சொல், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். விதைத்த அன்றே எறும்பு வரிசை கட்டிவிடும். பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிக் குருணை தூவிவை, எறும்பு அதை இழுத்துக்கொண்டு கிடக்கும், அதற்குள் விதை முளைத்துவிடும். தண்ணீர் பூவாளியில்தான். குடத்தைச் சாய்த்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கும். வெண்டை விதையை முந்தின இரவே ஊறவைத்து, ஒன்றரை அடிக்கு 1 அடி இடைவெளியில் குழிக்கு 2 போடுங்கள்.

சுற்றிலும் தக்காளிக் காடு. வெள்ளை ஈ அங்கிருந்து வரும். வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாக ஓடினால் அதற்கு மருந்து கிடையாது, அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்கிவிடு. மற்றவற்றுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயுமாக விழும். வெயில் தாழ்ந்தபிறகு தெளி. உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும்.

சத்துணவுத் தட்டுக் கழுவும் தண்ணீரை நேராகப் பாத்திக்குத் திருப்பாதே. சோற்றுப் பருக்கை மண்ணை அடைத்து நாறும், எலி வரும். முன்னால் ஒரு சல்லடை, பிறகு 2 அடிக் குழியில் அடியில் ஜல்லி, மேலே மணல். அதைத் தாண்டிவரும் தண்ணீரில் கல்வாழை வை. மே மாதம் இலை காய்ந்தாலும் கிழங்கு சாகாது, ஜூனில் தண்ணீர் பட்டதும் தளிர்க்கும். யாரும் காவல் இருக்கவேண்டியதில்லை. காய்த் தோலும் காய்ந்த இலையும் போடுகிற உரக்குழியும் அப்படித்தான். தோல் ஒரு கூடை என்றால் இலை மூன்று கூடை. நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், இலை சேர்த்துக் கிளறு. லீவில் மூடிவைத்துவிட்டு வந்தால் அது பாட்டுக்கு மக்கும்.

சார்ட்டில் பூமி உருண்டை வரைந்து ஒட்டுவதைச் சுற்றுச்சூழல் திட்டம் என்கிறார்கள். எனக்கு அதில் மதிப்பில்லை. ஒரே அளவில் இரண்டு பாத்தி, ஒன்றில் 3 அங்குலம் இலை மூடாக்கு, இன்னொன்று வெறும் மண். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். தினமும் விரலை 2 அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் எந்த நாளில் போனது என்று பிள்ளைகளே எழுதட்டும். மழைக்கு முன் கூரையை அளக்கச் சொல். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர், சிந்தினது போக 800 தேறும். மழை அளக்கிற பாட்டிலின் பக்கம் மேலிருந்து கீழ்வரை நேராக இருக்கவேண்டும், இடுப்பு ஒடுங்கியது கணக்கைக் கெடுக்கும். கணக்கில் நீ கெட்டிக்காரன், உனக்கு நான் சொல்லவேண்டாம். சின்ன வயதிலிருந்தே அப்படி. வீட்டுக் கணக்குத்தான் உனக்கு வராது.

ஜூன் 5 அன்று மரம் நடச் சொல்வார்கள். படத்துக்கு ஒன்று நட்டுக்கொள், மற்றதை ஐப்பசி மழையில் நடு. அடுத்த மே வருவதற்குள் 6 மாத வேர் இருக்கும். பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நிரப்பி மூடிவைத்தால் கசிந்துகொண்டே இருக்கும், எதிர்வீட்டில் யாராவது வாரம் ஒரு தரம் பார்த்துக்கொண்டால் போதும். பானைக்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், கசிவு நின்றுவிடும். மறுபடி சொல்கிறேன், கத்தரி வேண்டாம்.

சின்னவளுக்கு வளைகாப்பு. நாள் இன்னும் முடிவாகவில்லை.

மேற்குத் தோட்டத்தில் இந்தப் பட்டம் உன் அண்ணன் ஒன்றும் போடவில்லை. உழுது அப்படியே கிடக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அப்பா குணம்.

வேலியைச் சொல்ல மறந்தேன். பழைய சேலை கட்டின வேலியை ஆடு ஒரு வாரத்தில் பிரித்துவிடும். குச்சி நட்டாலே துளிர்க்கிற கிளுவை உயிர்வேலிதான் சரி. 4 அடிக் குச்சி, பெருவிரல் பருமன், முக்கால் அடிக்கு ஒன்று. படத்தில் பார்த்தால் ரோட்டுப் பக்கம் ஒரு 60 அடி இருக்கும், 80 குச்சி பிடிக்கும். வைகாசியில் வெட்டி இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, பள்ளிக்கூடம் திறக்கும்போது நட்டால் மழையில் பிடித்துக்கொள்ளும். நம் வேலியில் வேண்டிய மட்டும் இருக்கிறது. பார்சலில் போட்டால் கணுவெல்லாம் அடிபடும், நீயே வந்துதான் கட்டி எடுத்துப் போகவேண்டும். அண்ணன் வெட்டித் தருகிறேன் என்றான். நான் கேட்காமலே சொன்னான்.

இப்படிக்கு,
அம்மா