எது அவர் குரல், எது உங்கள் கைவேலை?

மறைந்த எங்கள் கலைஞரின் ஒலிநாடாக் காப்பகத்தை நிர்வகிப்பவர்களுக்கும், அதிலிருந்து ஆல்பங்களைத் தொகுத்து வெளியிடுபவர்களுக்கும்,

வணக்கம்.

அவர் பாட்டுகளை வட்டுகளாகத் தொகுத்த உங்கள் புதிய பெட்டி வந்து சேர்ந்தது. எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்தச் சில வாரங்களாக உங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி, இரண்டாவது வட்டின் ஏழாவது பாட்டைப் பற்றித்தான் இருக்கும். இதுவும் அதில் ஒன்று.

அந்தப் பாட்டு எங்களுக்குப் புதிதில்லை. கைமாறிக் கைமாறி, நகலுக்கு நகல் எடுத்து, பாட்டைவிட இரைச்சல் அதிகமாகிப்போன ஒரு கேசட்டில் இருபது வருடமாகக் கேட்டுவருகிறோம். அதில் முதல் சரணம் முடிந்ததும் நாற்காலி கிறீச்சிடும். இரண்டாவது சரணத்துக்கு அவர் இன்னும் வார்த்தை எழுதவில்லை போலிருக்கிறது. தத்தகாரம் போட்டுக்கொண்டே மெட்டை இழுத்துப் போவார். நடுவில் ஒரு தந்தியைத் தப்பாகத் தட்டிவிட்டுச் சின்னதாக ஒரு சிரிப்பு. பிறகு அந்த மெட்டை முன்னைவிட ஒரு படி மேலே கொண்டுபோவார். அந்த இடத்துக்காகத்தான் கேசட் தேயத் தேயக் கேட்டோம். மூல நாடாவிலிருந்து அது தெளிவாக வரப்போகிறது என்று நீங்கள் அறிவித்ததும், பெட்டியின் விலையைக்கூடப் பார்க்காமல் பதிவு செய்தேன்.

வந்தது என்ன? இரண்டாவது சரணத்தில் வார்த்தை இருக்கிறது, முதல் சரணத்தின் அதே வரிகள். முதலில் பிரமித்துப்போனேன், வேறொரு பதிவு கிடைத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். நான்காவது முறை கேட்கும்போது உறுத்தியது. மூன்றாம் வரிக்கு முன்னால் அவர் மூச்சை இழுக்கும் விதம், 'ன்' என்று முடியும் இடத்தில் குரல் லேசாகப் பிசிறடிப்பது, எல்லாம் ஏற்கெனவே கேட்டமாதிரி இருந்தது. கணினியில் இரண்டு சரணங்களையும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. முதல் சரணத்தையே வெட்டி, தத்தகாரத்தின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். நாற்காலி இல்லை, சிரிப்பு இல்லை. கூடவே, கேசட்டில் இல்லாத டிரம்ஸ் ஒன்று தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருக்கிறது. யார் வாசித்தது என்று கையேட்டின் அறுபது பக்கத்திலும் ஒரு வரி இல்லை. உறையில் ஒட்டிய தாளில் மட்டும் 'புதிதாகக் கண்டெடுத்த முழுமையான பதிவு' என்றிருக்கிறது.

உங்கள் வேலை லேசானதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். 1970களின் நாடாக்கள் பல ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும். அப்படியே ஓட்டினால் காந்தப் பூச்சு உரிந்து இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும். பாட்டும் அதோடு போகும். 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே மணிக்கணக்கில் சூட்டில் வைத்து உலர்த்தி, மறுபடி பிசுபிசுப்பதற்குள் கணினியில் ஏற்றியாக வேண்டும். அவ்வளவு பொறுமையாக மீட்டெடுத்த குரலை, மீட்ட கையோடு வெட்டி ஒட்டுவானேன்?

சேர்க்கவே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. 2023இல் பீட்டில்ஸ் குழுவின் கடைசிப் பாட்டு என்று ஒன்று வந்ததே, அந்தக் குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனன் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிய கேசட்டிலிருந்து குரலை மட்டும் கணினியால் பிரித்தெடுத்துச் செய்தது அது. 1990களில் முயன்று பார்த்துக் கைவிட்ட பாட்டு. என்ன செய்தோம் என்பதை அவர்களே வாயைத் திறந்து சொன்னார்கள். பிடித்தவர்கள் கேட்டார்கள், பிடிக்காதவர்கள் திட்டினார்கள். ஏமாந்தவர் யாரும் இல்லை. அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லி 1997இல் ஆற்றில் மூழ்கி இறந்தபோது, அடுத்த ஆல்பத்துக்கான பதிவுகளில் திருப்தி இல்லாமல் புதிதாகப் பதிவு செய்யும் ஏற்பாட்டில் இருந்தார். மறு வருடம் அவற்றை வெளியிட்டவர்கள் தலைப்பிலேயே 'ஸ்கெட்சஸ்' என்று போட்டார்கள். வரைவு என்று சொல்லிக் கொடுத்தால் வரைவாகக் கேட்க எங்களுக்குத் தெரியாதா?

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 27 வயதில் போனவர். உயிரோடு இருந்தபோது வந்த ஸ்டுடியோ ஆல்பங்கள் மூன்றே மூன்று. செத்தபின் வந்தவற்றை எண்ண ஒரு சாயங்காலம் வேண்டும். 1975இல் வந்த 'கிராஷ் லேண்டிங்'கில், அவரோடு வாசித்தவர்களின் பாஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் பல இடங்களில் எடுத்துவிட்டு, வேறு ஸ்டுடியோ கலைஞர்களை வாசிக்கவைத்துச் சேர்த்தார் தயாரிப்பாளர் ஆலன் டக்ளஸ். ரசிகர்கள் பலருக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஐம்பது வருடம் கழித்து அதே வேலையை நீங்கள் சத்தமில்லாமல் செய்திருக்கிறீர்கள்.

எங்களுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கிடைத்ததற்குச் சந்தோஷப்படாமல் நொட்டை சொல்கிறாயா என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர் வெளியிடாததை நாம் கேட்பதே தப்பு என்பவர்களும் இருக்கிறார்கள். 2015இல் நிர்வாணா குழுவின் மறைந்த பாடகர் கர்ட் கோபேனின் வீட்டுப் பதிவுகள் வந்தபோதும் இதே பேச்சு எழுந்தது. இந்த இரண்டு தரப்பும் என்னோடு சேர்ந்து கேட்கும் ஒரே விஷயம் இதுதான்: எது அவர் விட்டுப்போனது, எது நீங்கள் சேர்த்தது என்று எழுதிக் கொடுங்கள்.

இதை மின்னஞ்சலில் ஏற்கெனவே கேட்டேன். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று அதே நிமிடத்தில் பதில் வந்தது. கூடவே அவர் முகம் அச்சிட்ட சட்டைக்குத் தள்ளுபடி. சட்டை நன்றாகத்தான் இருக்கிறது. சிவப்பு இசைத்தட்டு, நீல இசைத்தட்டு, புகை நிறத்தில் ஒன்று, எல்லாமே அழகு. வெளிவராத பாட்டு ஒன்றே ஒன்று, அது மட்டும் எல்லாவற்றிலும் விலை கூடிய பெட்டிக்குள். நான்காவது தடவை ரீமாஸ்டர் செய்த, அதாவது ஒலியை மறுபடி சீர்செய்த, பழைய ஆல்பம், முந்தைய தடவையைவிட இன்னும் உரக்க. அவர் இருந்தபோதுகூட இவ்வளவு சுறுசுறுப்பாக ஆல்பம் போட்டதில்லை.

சரி, மன்னிக்கவும். கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. பணிவாகவே கேட்கிறேன். பெட்டியைத் திரும்பப் பெற வேண்டாம், பணத்தையும் தர வேண்டாம். ஒவ்வொரு பாட்டும் எந்த நாடாவிலிருந்து வந்தது, எந்த வருடத்துப் பதிவு, பிற்பாடு யார் எதை வாசித்துச் சேர்த்தார்கள், எங்கே வெட்டினீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். ஏழாவது பாட்டை நாடாவில் இருந்தபடியே, வாங்கியவர்கள் தரவிறக்கிக்கொள்ளக் கொடுங்கள். உங்கள் டிரம்ஸ் பிடித்தவர்கள் அதையும் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த தொகுதி தயாராகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதன் கையேடு அச்சுக்குப் போகும் முன்பே இந்த விவரங்களைச் சேர்த்துவிடுங்கள்.

அந்த நாடா இன்னும் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறேன். நாற்காலிச் சத்தத்தையும் துடைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
முழு விலை கொடுத்து வாங்கிய ஒரு ரசிகன்