வெயில் மாத்திரை வாங்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

"தினம் ஒரு காப்சூல் போட்டால் வெயிலில் கறுக்காது" என்று மூலிகை மாத்திரை விற்பவர்கள் இப்போது பாசார் மாலாம் (இரவுச் சந்தை) வரை வந்துவிட்டார்கள். தாவரச் சத்து தோலுக்கு உதவும் என்பது முழுப் பொய்யல்ல. எவ்வளவு, எத்தனை நாளில் என்பதில்தான் ஏமாற்று.

ஜெர்மனியில் 2001இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நாளுக்கு 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு சாப்பிட்டவர்களுக்குப் புறஊதாக் கதிர் பட்ட தோல் சிவப்பது 40 சதவீதம் குறைந்தது. அதுவும் 10ஆவது வாரத்தில்தான். 4ஆவது வாரத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. தக்காளியின் சிவப்பு நிறச் சத்தான லைக்கோப்பீன் எண்ணெயில் கரைவது. அதனால் சமைக்காத தக்காளியைவிட எண்ணெயில் வதக்கிய தொக்கிலிருந்து உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். பாட்டில் சாஸ் கணக்கில் வராது, அதில் சீனிதான் அதிகம்.

எஸ்பிஎஃப் 30 என்று குறித்த வெயில் காப்பு கிரீமைச் சரியாகப் பூசினால் சிவக்கவைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். அதற்கும் அளவு உண்டு: முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்வை வழிந்தால் அதற்கு முன்பே. நிழலே இல்லாத செம்பனை மறுநடவுப் பகுதியில் நிற்பவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் முதலில், காப்சூல் கடைசியில்.

பெரணிச் சாற்று மாத்திரை பற்றியும் கேட்கிறார்கள். ஆய்வுகளில் பயன்பட்டது பாலிபோடியம் லூக்கோடோமோஸ் என்ற மத்திய அமெரிக்கப் பெரணி. வழக்கமான அளவு 240 மில்லிகிராம். செம்பனை மரத்தில் ஒட்டி வளரும் பெரணியும், சமைக்கும் பூச்சோக் பாக்குவும் அதுவல்ல. பறித்துக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம்.

புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் (கேரட்டின் நிறச் சத்து) மாத்திரையைத் தொடவே கூடாது. பின்லாந்தில் நாளுக்கு 20 மில்லிகிராம் எடுத்த புகைபிடிக்கும் ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது 1994இல் தெரியவந்தது. எச்சரிக்கை மாத்திரைக்குத்தான், கேரட்டுக்கும் முருங்கைக்கீரைக்கும் அல்ல.

எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளினும், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதையசைடும் தோலை வெயிலில் எளிதில் பாதிக்கப்பட வைக்கும். இவற்றை எடுப்பவர்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் மருந்தாளரிடம் கேட்கட்டும். முகம் வெளுக்க எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் இறங்குவது இன்னும் மோசம். சாற்றிலுள்ள ஃபுரோகூமரின் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து ஓரிரு நாளில் கொப்புளமாக்கும். கறுத்த தடம் மாதக்கணக்கில் நிற்கும்.

மாத்திரை டப்பாவில் பதிவு எண்ணாக 'எம்ஏஎல்' (MAL) எழுத்துகள், 8 இலக்கம், பிறகு 'டி' (T) அல்லது 'என்' (N) இருக்கிறதா பாருங்கள். 'என்ஓடி' (NOT) என்று தொடங்கினால் அது அழகுப் பொருளுக்கான எண். விழுங்கும் பொருளில் அது இருந்தால் வாங்காதீர்கள். எண்ணை மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தால் அது இரவல் எண். தங்கள் நாளிதழும் இத்தகைய விளம்பரங்களில் அந்த எண்ணைச் சேர்த்தே அச்சிட வேண்டுகிறோம்.

மருந்தாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்